வாலில் விட்ட ஓட்டை

மாடல் விமானத்தில் கண்ணாடிப் பாகங்களைப் பனி பிடிக்காமல் ஒட்டுவது எப்படி என்று நான் சொல்லித்தருவேன் என்று உங்களை நம்பவைத்து இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். சொல்லப்போவதில்லை. இப்போது வரும் பசைப் புட்டியின் மேலேயே அதெல்லாம் அச்சடித்திருக்கிறது. கண் உள்ளவர்கள் படித்துக்கொள்ளலாம். இந்த மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில், பசையால் நான் கெடுத்த கண்ணாடிகள் மிகக் குறைவு. என் புத்திசாலித்தனத்தால் கெடுத்தவைதான் அதிகம். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நாற்பதுகளின் கடைசி. தாராவியில் ஒரு தோல் கிடங்கின் மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. கீழேயிருந்து தோல் நாற்றம் மேலே வரும். மேலேயிருந்து எங்கள் பசை வாடை கீழே போகும். இரு தரப்பும் மற்றவர்மேல் முனிசிபாலிட்டியில் புகார் கொடுத்திருந்தோம். இரண்டு புகாரும் ஒரே குமாஸ்தாவிடம் இருந்ததாகக் கேள்வி.

முதலாளி பாலக்காட்டுக்காரர், செம்பூரில் வீடு. யுத்த காலத்தில் சிப்பாய்கள் எதிரி விமானத்தை அடையாளம் காணப் பழகுவதற்காகக் கறுப்பு மாடல்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு ஜன்னலே கிடையாது. தலைக்கு மேலே குண்டு போட வருகிறவனுக்கு ஜன்னல் ஓர சீட்டா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. யுத்தம் முடிந்ததும் விமானக் கம்பெனிகள் டிக்கெட் விற்கத் தொடங்கின. அவர்களுக்கு ஜன்னல் போதவில்லை, ஒரு பக்கம் முழுக்கவே கண்ணாடியாக வேண்டும் என்றார்கள். டிக்கெட் கவுண்டரில் அந்த மாடலை வைப்பார்கள். பறக்கப் பயப்படும் சேட்டு உள்ளே எட்டிப் பார்த்து, நாற்காலிக்கு மெத்தை இருக்கிறது என்று கண்டு தைரியம் அடைவார்.

உடம்பு ப்ளாஸ்டிக் தகடு. கண்ணாடி என்று நாங்கள் சொன்னது பெர்ஸ்பெக்ஸ் என்ற நிறமில்லாத ப்ளாஸ்டிக். யுத்தத்தில் கழித்துக்கட்டிய நிஜ விமானங்களின் மேல்மூடிகளை உடைத்துக் குர்லாவில் எடைக்கு விற்றார்கள். அதை வாங்கி வந்து அறுத்து வளைப்போம். ஒரு காலத்தில் பர்மாவரை பறந்த கண்ணாடி, எங்களிடம் வந்து பறக்காத விமானத்துக்குச் சுவராகும். ரிடையரான கர்னல் கோயில் கமிட்டியில் சேர்ந்த மாதிரி.

பசையும் அதேதான். பெர்ஸ்பெக்ஸ் சீவலைக் க்ளோரோஃபாரத்தில் ஊறப்போட்டால் பசை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டறையில் எல்லாருக்கும் கண் சொருகும். தயிர்சாதத்தின் வேலை என்பார் முதலாளி. அவர் கண்ணும் சொருகியிருக்கும்.

ஒட்டிய பிறகு அந்தப் பசையிலிருந்து ஆவி கிளம்பும். வெளியே வழி இருந்தால் போய்விடும். வழி இல்லாவிட்டால் உள்ளேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் கண்ணாடியின் உட்புறத்தில் உட்கார்ந்து அதை வெள்ளையாக்கிவிடும். அது துடைத்தால் போகிற அழுக்கு இல்லை. கண்ணாடியின் தோலே வெந்துபோயிருக்கும். இது இன்று எனக்குத் தெரியும். அன்று பட்டறையில் பாய் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

கண்ணாடி மேசை பாயுடையது. அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் பட்டறையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மனைவியும் இரண்டு குழந்தைகளுமாக ஓர் அறையில் இருந்தார். முன்பு கைக்கடிகாரங்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தவர். அவர் பேச்சில் பாதி கேலி. எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பது கேட்கிறவர் பாடு.

நான் மாட்டுங்கா, முதலாளியைப் போலப் பாலக்காட்டுக்காரன்தான். அதற்கு முன் மூன்று வருஷம் ஃபோர்ட்டில் ஒரு பத்திரிகை ஆபீஸில் புரூஃப் பார்த்தவன். விமானத்தின் மேல் கம்பெனிப் பெயரை எழுதவும், பட்டறையை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு மாடலையும் கடைசியாக ஒரு தடவை பார்க்கவும் என்னை வைத்துக்கொண்டார்கள். புரூஃப் பார்ப்பவனுக்கு ஒரு நோய் உண்டு. பக்கம் முழுவதும் சரியாக இருப்பது அவன் கண்ணில் படாது, விட்டுப்போன ஒரு புள்ளி மட்டும் படும். பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. எழுதியவரைக் கேட்போம் என்று தோன்றவே தோன்றாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் இரண்டு மாடல்கள் வெளுத்துப்போயின. இரண்டுமே முதலாளியின் அவசரம். காய்வதற்குள் பெட்டியில் போட்டு மூடச்சொன்னவர் அவர்தான். ஆனால் பழி போய் உட்கார முதலாளியின் அவசரத்துக்கு மேசை கிடையாது, பாய்க்கு இருந்தது. முதல் மாடலை முதலாளி ஒரு பள்ளிக்கூட பிரின்ஸிபாலிடம் மூடுபனியில் பறக்கும் விமானம் என்று சொல்லித் தள்ளிவிட்டார். இரண்டாவதற்கு வெளிப்பக்கமாகத் திரைச்சீலை வரையச் சொன்னார். மகாராஜா வீட்டுப் பெண்களுக்கென்று திரை போட்ட ஸ்பெஷல் விமானமாக அது யாரிடமோ போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு பாயைக் கூப்பிட்டார்.

"பாய், எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை, கேட்டேளா? ஆனா இனி ஒண்ணு வெளுத்துதுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கணும். மூடுபனி வாங்கறதுக்கு எங்கிட்ட வேற பிரின்ஸிபால் இல்லை."

"சரி முதலாளி. வாலை மட்டும் எங்கையில விட்ருங்க. அதுல யாரும் கை வைக்கப்பிடாது."

"வாலை நீங்களே வெச்சுக்கோங்கோ. எனக்கென்ன அதை வெச்சுண்டு?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பிரிவினையின் சூடு ஆறாத அந்த வருஷம், தொப்பி வைத்த ஒருவர் பம்பாயில் புது இடம் கேட்டுப் போவது லேசான காரியமாக இல்லை. அது பாய்க்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

அக்டோபரில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஃபோர்ட்டில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு விமானக் கம்பெனி ஆபீஸுக்கு மூன்றடி நீள மாடல். உள்ளே இருபத்தொரு நாற்காலிகள், நடைபாதையில் ஒரு விரற்கடை உயரப் பணிப்பெண். இது பிடித்துவிட்டால் மற்ற ஊர்களுக்கும் ஆறு. சனிக்கிழமை காலை கொண்டுபோய் வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாய் கண்ணாடிச் சுவரை ஒட்டி முடித்தார். வால் நுனியில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருந்தார். அடிவயிற்றில் ஸ்டாண்டின் தண்டு நுழைவதற்கு ஒரு துளை ஏற்கெனவே உண்டு. ஸ்டாண்டையும் மாட்டாமல் வைத்திருந்தார். முதலாளி சுற்றி வந்து பார்த்தார்.

"என்னத்துக்குப் பாய் வால்ல ஓட்டை?"

"அது மூச்சு விடணும்லா முதலாளி."

"ஓஹோ. அதுக்கு இன்னிக்கு ஜும்மா உண்டோ? கையோட கூட்டிண்டு போங்கோ."

பட்டறை மொத்தமும் சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். பாய் சொன்னதில் பாதி கேலி என்று சொன்னேனே, இதை அந்தப் பாதியில் சேர்த்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு அவர் தொழுகைக்குக் கிளம்பினார். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மத்தியானம் லீவும் சொல்லியிருந்தார். போகும்போது என் மேசைக்கு வந்தார்.

"வே சாமி, நாளைக் காலையில நான் வார வரைக்கும் அதைத் தொடாதீரு. ஒட்டுனது ஒரு நாள் காயணும். பாக்கக்கூடச் செய்யாதீரு. நீரு பாத்தா எங்கேயாவது தப்பு முளைக்கும்."

"நான் ஏன் பாய் தொடறேன்?"

மூன்று மணிக்கு முதலாளி படியேறி ஓடிவந்தார். கம்பெனி மேனேஜர் நாளைவரை பொறுக்காமல் இன்றே நாலு மணிக்குப் பார்க்க வருகிறாராம். "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டு டீக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

பார்த்தேன். நாற்காலிகள் பிரமாதம். கண்ணாடி அங்கே இருப்பதே தெரியவில்லை. இதெல்லாம் என் கண்ணில் நிற்கவில்லை. வால் நுனியில் ஓர் ஓட்டை நின்றது. பத்தி நடுவில் எழுத்து விட்டுப்போன இடம் மாதிரி அது என்னைப் பார்த்தது. பாய் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அது கண்ணாடியைத் தொடக்கூடாது என்பதற்காகச் சொன்னது, வாலுக்கு அல்ல என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். விரிசல் அடைக்கும் பட்டி மாவை உருட்டி ஓட்டையில் வைத்து, விரலால் நீவி, மேலே வெள்ளைப் பெயிண்ட் தொட்டேன். ஸ்டாண்டை மாட்டித் திருகினேன். விமானம் முழுமையாக இருந்தது. நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். பார்சிக்காரர், உயரமானவர், எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுகிறவர். கண்ணாடியில் மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து நாற்காலிகளை எண்ணினார். இருபத்தொன்று இருந்தன. போனார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். நான் பக்கத்தில் இருந்ததால் சாவி என்னிடம். விமானத்தின் கண்ணாடிச் சுவர் பாலேடு படிந்தது போல இருந்தது. நாற்காலி ஒன்றுகூடத் தெரியவில்லை. ஸ்டாண்டைக் கழற்றினேன். வயிற்றுத் துளையிலிருந்து தித்திப்பான க்ளோரோஃபாரம் வாடை பொங்கி வந்து முகத்தில் அடித்தது. அந்த நொடியில், மூச்சு விடணும்லா என்று பாய் சொன்னது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று புரிந்தது.

ஒன்பதுக்குப் பாய் வருவார். பத்துக்கு முதலாளி டாக்ஸியோடு வருவார். கண்ணாடியை அறுத்தெடுத்து வேறு ஒட்ட இரண்டு நாள் வேண்டும். முதலாளியிடம் உள்ளதைச் சொல்லலாம், அதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷ வேலையை விட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

க்ளோரோஃபாரம் கையைத் தோலுரிக்கும் என்பதால் நாங்கள் ஆளுக்கொரு புட்டியில் தேங்காய் எண்ணெய் வைத்திருப்போம். என்னுடையது ஊர்ப்பக்கம் ஒலவக்கோட்டிலிருந்து டின்னில் வருவது. தலைக்கும் அதுதான், கைக்கும் அதுதான். பதற்றத்தில் வழக்கம்போல எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு, இதேபோல் வெளுத்து மூலையில் கிடந்த பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் தெளிந்து, பின்னால் இருந்த காலண்டரில் தேதி தெரிந்தது. துடைத்தேன். தேதி மறைந்தது. மறுபடி எண்ணெய் வைத்தேன். தெரிந்தது.

ஒரு கம்பியை வளைத்து நுனியில் பஞ்சு சுற்றி, எண்ணெயில் தோய்த்து, வயிற்றுத் துளை வழியாக உள்ளே விட்டேன். பணிப்பெண்ணை இடிக்காமல், நாற்காலிகளில் சொட்டாமல், கண்ணாடியின் உட்புறம் முழுவதும் மெல்லிசாக ஒரு பூச்சு. அரைமணி நேரம் ஆயிற்று. என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அது. தப்பை மூடும்போது கை நடுங்குவதே இல்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை காரணமில்லாமல் ரொம்ப நிதானமாக இருக்கும் நாளில் சந்தேகப்படுங்கள்.

ஒன்பதுக்குப் பாய் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றார். நேராக வாலுக்குப் போனார்.

"யாரு அடைச்சது?"

"நான்தான் பாய். மேனேஜர் நேத்தே வந்துட்டார்."

அவர் குனிந்து கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"அடைச்சும் வெளுக்கலை."

"இல்லை."

"ஒம்ம ராசிவே, சாமி. நாளையிலருந்து நானும் நெத்தியில பட்டை அடிச்சிக்கிடுதேன்."

அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. அதைப் பார்த்துவிட்டு நான் தூரிகை கழுவப் போனேன்.

டாக்ஸியில் முன்னால் முதலாளி, பின்னால் பாயும் நானும், எங்கள் மடியில் விமானம். ஃபோர்ட் ஆபீஸில் ஏர்கண்டிஷன் போட்டிருந்தார்கள். அப்போது பம்பாயில் அது பெரிய விஷயம். டிக்கெட் வாங்காதவர்கள்கூடக் கதவைத் திறந்து, விலை கேட்கும் சாக்கில் கொஞ்சம் குளிர் வாங்கிக்கொண்டு போவார்கள். மேனேஜர் எங்களைக் கைகுலுக்கி வரவேற்று, இருப்பதிலேயே கௌரவமான இடத்தில், குளிர்காற்று வரும் கம்பி வலைக்கு நேர் கீழே, விமானத்தை வைத்தார். சிப்பந்திகளையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார். டீயும் நான்கட்டாய் பிஸ்கோத்தும் வந்தன. பறப்பதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தார்.

கால்மணி நேரம் இருக்கும். நான் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை வலது நாற்காலி மங்கிற்று. பிறகு இடது. அதன் பிறகு வரிசை வரிசையாக, யாரோ உள்ளே விளக்கை அணைத்துக்கொண்டே பின்பக்கம் நடப்பது மாதிரி, இருபத்தொரு நாற்காலிகளும் மறைந்தன. கடைசியில் பணிப்பெண்ணும் போனாள்.

மேனேஜர் பேச்சை நிறுத்தினார். குனிந்து பார்த்தார்.

"அரே பாப்ரே! இதுக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சே!" என்று இந்தியில் சொன்னார். சிப்பந்திகள் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. விமானத்தையும் பார்க்கவில்லை. பாயைத்தான் பார்த்தார்.

"பாய்."

"முதலாளி."

"திங்கக்கிழமை வந்து கணக்கை முடிச்சுண்டு போங்கோ."

தமிழில், தணிந்த குரலில், மற்றவர்களுக்குப் புரியாதபடி சொன்னார். பாய் கையிலிருந்த டீக் கோப்பையைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

எனக்கு அப்போதுதான் ஜனவரி மாதக் காலைகள் நினைவுக்கு வந்தன. மாட்டுங்காவில் கொஞ்சம் குளிர்ந்தாலும் என் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்து நிற்கும். வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்பேன். பாலக்காட்டான் வருஷா வருஷம் பார்க்கிற காட்சி. அதைக் கண்ணாடிக்குப் பூசும்போது நினைக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நான் வேறொரு வாக்கியம் சொன்னேன்.

"சார், குளிர்தான் காரணம். வெளியில வெயில்ல வெச்சா சரியாயிடும்."

நாலு பேராக விமானத்தை நடைபாதைக்குத் தூக்கிப்போனோம். அக்டோபர் வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வால்பக்கமிருந்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பணிப்பெண் வந்தபோது கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. கொய்யாப்பழக்காரர் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தட்டினார்.

மேனேஜருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உள்ளே போனால் மேகம், வெளியே வந்தால் ஆகாயம். இது என்ன வித்தை என்று கேட்டார். முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஸ்பெஷல் மருந்து சார். எங்க பாயோட கண்டுபிடிப்பு" என்று பாயின் தோளில் கை போட்டார். ஐந்து நிமிஷம் முன்பு கணக்கை முடித்த தோள். மேனேஜர் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்ற ஆறு விமானங்களுக்கும் இதே மருந்து வேண்டும் என்றார். இதை வெயில் விழும் ஷோகேஸில் வைக்கச் சொன்னார்.

"ஆறுக்கும் போட்டுடலாம், என்ன பாய்?" என்றார் முதலாளி.

பாய் என்னைப் பார்த்தார். அவர் எந்த மருந்தும் போடவில்லை. எந்த மருந்து என்றும் அவருக்குத் தெரியாது. வேலை திரும்பக் கிடைத்தது, செய்ய முடியாத ஒரு வேலையோடு சேர்ந்து.

போரிபந்தரில் லோக்கல் ரயில் ஏறினோம். முதலாளி செம்பூருக்கு டாக்ஸியிலேயே போய்விட்டார். பைக்குல்லா தாண்டியதும் பாய் என் தலைப் பக்கம் சாய்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"வே சாமி, அந்த ஏரோப்ளேன்ல ஒம்ம தலை வாசம் அடிக்கி."

"தேங்காயெண்ணெய்தானே பாய். பம்பாய்ல பாதிப் பேர் தலையில அதுதான்."

"அதுஞ்சரிதான். எத்தனையோ தலை."

மாட்டுங்காவில் இறங்கி, பிரிகிற இடத்தில் சலாம் சொல்லிவிட்டு லேபர் கேம்ப் பக்கம் நடந்தார். அவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க மாட்டேன். கேட்டிருந்தால் இன்னொரு பதில் தயாராக இருந்தது.

திங்கள் காலை முதலாளி பட்டறை முழுவதற்கும் பாயின் பெருமையைச் சொன்னார். பாய் தன்பாட்டுக்கு இரண்டாவது விமானத்துக்குக் கண்ணாடி ஒட்டினார், வாலில் ஓட்டை விட்டார்.

"மருந்து எப்போ போடப்போறேள்?"

"ஒட்டுனது ஒரு நாள் காயட்டும் முதலாளி. பொறவு பாப்போம்."

அன்று முழுவதும் அவர் என்னிடம் வழக்கம்போலப் பேசினார். என் எழுத்தைப் பார்த்து, கம்பெனிப் பெயரைக் கொஞ்சம் இறக்கி எழுதினால் விமானம் சீக்கிரம் தரையிறங்கும் என்றார். கோபமாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாளைக் காலை முதலாளி மறுபடி மருந்தைக் கேட்பார். மருந்து இல்லை என்றால் பாய் பொய்க்காரர். என் புட்டியைக் கேட்டு வாங்கிப் பூசினால், இன்னும் ஆறு ஊர்களில் ஆறு விமானங்கள் அவர் பெயரில் வெளுக்கும். எப்படிப் பார்த்தாலும் மேசை போய்விடும். என் மேசைக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் எத்தனை தரம் திருத்திப் படித்தாலும் அதேதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். ஓட்டையை அடைத்தது, வெளுத்தது, எண்ணெய் பூசியது, குளிரில் உறைந்தது, எல்லாம். பாய் தன் மேசையில் ஒரு விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"அப்போ அங்க ஷோகேஸ்ல இருக்கறது மருந்தில்லையா?"

"இல்லை."

"ஒன் தலையெண்ணெயா?"

"ஆமாம்."

மற்ற செருப்பையும் கழற்றி வைத்தார். நான் வேறு எதற்கோ தயாராக இருந்தேன்.

"எறும்பு வருமோடா?"

வந்துவிட்டிருந்தது. அன்றே என்னை அனுப்பினார், மேனேஜரிடம் நானே வாயால் சொல்லி, விமானத்தைத் திருப்பி எடுத்துவர வேண்டும் என்று. போய்ப் பார்த்தால் எறும்புகள் ஸ்டாண்ட் வழியாக வரிசையாக ஏறி, வயிற்றுத் துளையின் இடுக்கு வழியாக உள்ளே போய், இருபத்தொரு நாற்காலிகளும் நிரம்பி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தன. மேனேஜர் இதற்கும் சந்தோஷப்பட்டார். முதல் வாரமே ஹவுஸ்ஃபுல் என்றார். நல்ல கண்ணாடி போட்டுக் கொண்டுவர ஒரு வாரம் கொடுத்தார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

ஆனால் நான் கிளம்பும் முன் பட்டறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கிடையாது. பாயின் மேசைப் பக்கம் போய் நின்றார். உப்புத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பாய்க்கு ஒரு டீ சொல்லுங்கோடா. ஸ்பெஷல்" என்றார். அதுதான். பாயும் அதை முழுசாக ஏற்றுக்கொண்டார் என்பது டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை கேட்டதில் தெரிந்தது.

"ஏன் பாய்," என்றார் முதலாளி, "அன்னிக்கே நான் ஒண்ணும் போடலைன்னு சொல்லப்படாதா? நேத்திக்காவது சொல்லியிருக்கலாமே?"

பாய் டீயை ஆற்றினார்.

"சாமி சொல்லுவாருன்னு இருந்தேன் முதலாளி. ஒட்டுனதுக்கு ஒரு நாள் விடுதோம். மனுசனுக்கும் ஒரு நாள் விட்டேன்."

"சொல்லாமப் போயிருந்தா?"

"டீ குடிச்சிட்டு சாமியை நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

பட்டறை மொத்தமும் சிரித்தது. எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பாய் கைத்துளைப்பானை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"என்னவே பாக்கீரு? வாலுக்கு வாரும்."

பாய் விட்ட அந்த ஒன்று போக, மற்ற ஆறு விமானங்களின் வாலிலும் ஓட்டை போட்டது நான்தான். மாற்றிய விமானத்தைக் கொண்டுபோய் வைத்தபோது மேனேஜர் அதைச் சுற்றி வந்து, வாலில் விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்டார். அது மூச்சு விடவேண்டும் சார் என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்.